350 பேருக்குப் பெயர் போட்ட பாட்டில்: எதை வாங்குவது, எப்படிச் சோதிப்பது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. திருப்பூரில் பனியன் கம்பெனி, டெய்லர், செக்கிங், அயர்ன், பேக்கிங் எல்லாம் சேர்த்து 350 பேர். ஆயுத பூஜைக்குப் பொரி, கடலை, இனிப்போடு இந்த வருடம் கம்பெனி பெயர் போட்ட தண்ணீர் பாட்டிலும் கொடுக்கலாம் என்று முதலாளி சொல்லியிருக்கிறார், ஆளுக்கு 300 ரூபாய். அதோடு கோவை கொடிசியாவில் ஒரு கண்காட்சிக்கு ஸ்டால் போடுகிறீர்கள், அங்கே வருகிறவர்களுக்கு மலிவாக ஒரு 1000 பீஸ் வேண்டும். எந்த பிராண்ட் நல்லது, பிரிண்ட் போடுவதா லேசர் போடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் விஷயம் உங்கள் கடைசி வரியில்தான் இருக்கிறது: “போன தடவை கொடுத்த டிபன் பாக்ஸை யாருமே உபயோகிக்கவில்லை.” ஆக, நீங்கள் உண்மையில் கேட்பது பிராண்டைப் பற்றி அல்ல. கொடுத்த பொருள் அட்டாலிக்கு, அதாவது பரணுக்கு, போகாமல் தினமும் கையில் இருக்க என்ன செய்வது என்பதுதான். அதற்குத்தான் பதில் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகவே.

நான் கோவையில் இந்தத் தொழிலுக்கு வந்து 18 வருடம் ஆகிறது. பம்ப் கம்பெனிகளுக்கு நேம் பிளேட் பிரிண்ட் போட்டுக்கொடுத்த ஒரு பட்டறையில் தொடங்கி, மக், பாட்டில், பிளாஸ்க் என்று வந்து, இப்போது லேசர் மெஷினும் ஓடுகிறது. கரூர் ஏற்றுமதிக்காரர்கள், ஈரோட்டு மஞ்சள் மண்டிகள், திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்கள், நாமக்கல் கோழித் தீவனக் கம்பெனிகள் என்று பலருக்கும் செய்திருக்கிறேன். உறுதியாகச் சொல்வதெல்லாம் என் மேசையில் சோதித்துப் பார்த்தது. ஊகத்தை ஊகம் என்றே சொல்லிவிடுகிறேன். கண்ணாடிப் பாட்டில் வேலை நான் செய்ததில்லை, அதனால் அதைத் தொடவில்லை.

முதலில் ஒன்று. பாத்திரத்தில் பெயர் போட்டுக் கொடுப்பது நமக்குப் புதிதல்ல. காதுகுத்து, சீர், கல்யாணம், புதுவீடு, எதுவானாலும் எவர்சில்வர் கடையில் ஏனம் வாங்கி, அங்கேயே மெஷினோடு உட்கார்ந்திருப்பவரிடம் பெயர் வெட்டி வாங்கிக்கொண்டுதான் போவோம். உங்கள் வீட்டு அடுப்படியில் தேடிப் பாருங்கள், அம்மாவின் கல்யாணத்துக்கு யாரோ வைத்த சொம்பிலோ தூக்குப்போசியிலோ ‘அன்பளிப்பு’ என்று வெட்டி ஒரு பெயரும் ஊரும் தேதியும் இருக்கும். 30, 40 வருடம் கழித்தும் அது புழக்கத்தில் இருக்கிறது, கொடுத்தவர் பெயரும் அப்படியே இருக்கிறது. அதற்குக் காரணம் தகடு கனமாக இருந்தது, பெயர் சின்னதாக ஓரத்தில் இருந்தது, அவ்வளவுதான். கம்பெனிப் பரிசில் இது தலைகீழாக நடக்கிறது. தகட்டில் காசைக் குறைத்து, பெயரைப் பெரிதாகப் போடுகிறார்கள். உடம்பு முழுக்க லோகோ, கீழே வெப்சைட், செல் நம்பர், மூன்று வரிக்குப் பொருள் பட்டியல். அதைக் கையில் எடுத்துக்கொண்டு பஸ் ஏற யாருக்கும் பிடிக்காது, பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்து அனுப்பவும் மனசு வராது.

பாட்டில் பார்ப்பதற்கு முன்னால், ஒருநாள் காலை 11 மணிக்கு உங்கள் தையல் லைனில் போய் ஒரு கால்மணி நேரம் நில்லுங்கள். அவரவர் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மெஷின் மேல் வைக்க விடமாட்டீர்கள், துணி நனைந்தால் கறை; அதனால் லைன் கடைசியில் ஒரு ரேக்கிலோ சுவரோரமாகவோ வரிசையாக நிற்கும். எல்லாம் வேறு வேறு பாட்டில், ஒருவருடையது பழைய கூல்டிரிங்ஸ் பாட்டில், இன்னொருவருடையது மகளின் பள்ளிக்கூடப் பாட்டில், அதனால்தான் எது யாருடையது என்று பார்த்தவுடன் தெரிகிறது. அதே ரேக்கில் 350 பேருக்கும் ஒரே நிறத்தில் ஒரே லோகோ போட்ட பாட்டிலை வைத்தால் ஒரு வாரத்தில் மாறிப்போகும். அடுத்தவர் வாய் வைத்ததில் குடிக்க யாருக்கும் ஒப்பாது, புதியதை வீட்டில் வைத்துவிட்டுப் பழைய பாட்டிலையே எடுத்து வருவார்கள். உங்கள் டிபன் பாக்ஸுக்கும் இதுதான் நடந்திருக்கும் என்பது என் ஊகம். ஆனால் பாட்டில் விஷயத்தில் இது ஊகமல்ல, மூன்று நான்கு மில்களில் கண்ணால் பார்த்தது.

அதனால் என் முதல் யோசனை, ஒவ்வொரு பாட்டிலிலும் அதை வைத்திருக்கப் போகிறவரின் பெயரைப் போடுங்கள். முன்பக்கம், தூரத்திலிருந்து படிக்கிற அளவுக்கு. கம்பெனி லோகோ பின்பக்கம் 3 சென்டிமீட்டர் அகலத்துக்கு இருந்தால் போதும். முதலாளி இதற்கு முதலில் ஒப்புக்கொள்ள மாட்டார், “காசு கொடுப்பது நாம், நம் பெயர் பின்னாலா?” என்று கேட்பார். அவரிடம் அந்தக் கல்யாணச் சொம்பைக் காட்டுங்கள். செக்‌ஷனுக்கு ஒரு நிறம் என்று பிரித்தால் இன்னும் நல்லது, ரேக்கில் தேடுவது பாதியாகக் குறையும்.

இப்போது பொருள். 300 ரூபாயில் ஜிஎஸ்டி, பெயர் போடும் கூலி, பெட்டி எல்லாம் கழித்தால் பாட்டிலுக்கு 220, 230 ரூபாய்தான் மிஞ்சும். இந்தக் காசுக்கு ஒற்றைச் சுவர் ஸ்டீல் பாட்டில், 750 மில்லி அல்லது 1 லிட்டர், நல்லதாகவே வாங்கலாம். இதே காசுக்கு இரட்டைச் சுவர் வெற்றிட பிளாஸ்க் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் எங்கோ கை வைத்திருக்கிறார் என்று அர்த்தம். உள்தகடு மட்டமாக இருக்கும், இல்லையென்றால் இரண்டு சுவருக்கும் நடுவே வெற்றிடம் இல்லாமல் வெறும் காற்று இருக்கும். பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுதான். காற்று வழியாகச் சூடு கடந்துவிடும், வெற்றிடத்தில் சூட்டைக் கடத்திச் செல்ல எதுவும் இல்லை, அதுதான் பிளாஸ்க் வேலை செய்கிற விதம். ஒரு நல்ல பிளாஸ்க்கில் சூடு வெளியேறுவது பெரும்பாலும் மூடி வழியாகத்தான், அதனால் மூடி கனமாக, உள்ளே பொதிவோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஒற்றைச் சுவர் பாட்டிலில் ஒரு குறை உண்டு, உங்கள் தொழிலில் அது பெரிய குறை. கூலர் தண்ணீர் பிடித்தால் வெளியே வியர்த்துக் கொட்டும். அந்த ஈரக் கையோடு வெள்ளை பனியன் துணியைத் தொட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இதற்கு உங்களிடமே மருந்து இருக்கிறது. உங்கள் யூனிட்டில் ரிப் துணி கட் பீஸ் எவ்வளவோ மிஞ்சும், அதில் பாட்டிலுக்கு ஒரு உறை தைத்துவிடுங்கள். வியர்வையை உறிஞ்சும், கீழே விழுந்தால் ஒடுங்காது, செக்‌ஷனுக்கு ஒரு நிறமும் தானாக வந்துவிடும். ஒரு பனியன் கம்பெனிக்கு இப்படிச் செய்துகொடுத்தபோது, உறையைத் தைத்தவர்களே அந்தப் பாட்டிலை வாங்கப்போகிறவர்கள் என்பதால் ஓரம் மடித்துக் கச்சிதமாகத் தைத்தார்கள். எனக்கு இந்தத் தொழிலில் மிகவும் பிடித்த வேலைகளில் அது ஒன்று.

தகட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏமாற்று அதிகம் நடப்பது இங்கேதான். 304 என்பது சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல் கலந்த ஸ்டீல். 201 என்பதில் விலை கூடிய நிக்கலைக் குறைத்து அதற்குப் பதில் மாங்கனீசை ஏற்றியிருப்பார்கள். இரண்டும் புதிதாக இருக்கும்போது ஒரே மாதிரி மின்னும். எவர்சில்வர் என்ற பெயரில் கடைகளில் வருவதிலும் 201 மாதிரியான 200 வரிசைத் தகடு நிறைய இருக்கிறது, அதனால் அந்தச் சொல்லை மட்டும் நம்ப முடியாது. 201-ல் வெறும் தண்ணீர் குடித்தால் உடம்புக்குக் கெடுதல் என்று சிலர் பயமுறுத்துவார்கள், நான் அப்படிச் சொல்ல மாட்டேன். நான் உறுதியாகச் சொல்வது துருவைப் பற்றி. உப்பில் இருக்கும் குளோரைடு, ஸ்டீலின் மேல் இருக்கிற குரோமியப் பாதுகாப்புப் படலத்தைத் துளைக்கும், நிக்கல் குறைந்த தகட்டில் அது சீக்கிரம் நடக்கும். நம் ஆட்கள் வெயில் காலத்தில் பாட்டிலில் கொண்டுவருவது தண்ணீர் மட்டுமா? உப்புப் போட்ட மோர், எலுமிச்சம்பழ ஜூஸ், கம்மங்கூழ் கரைத்தது, எல்லாம்தான். பல்லடம், அவிநாசிப் பக்கம் போர் தண்ணீரே உப்பு. அதனால் தண்ணீர் படுகிற உள்தகடு 304 ஆகவே இருக்கட்டும். பிளாஸ்க் வாங்கினால் உள்ளே 304, வெளியே 201 என்று சொல்லியே விற்பார்கள், அதில் தப்பில்லை, வெளிச்சுவரில் தண்ணீர் படுவதில்லை.

அடிப்பக்கம் ‘எஸ்எஸ் 304’ என்று அச்சு விழுந்திருப்பதால் எதுவும் நிரூபணமாகாது. அந்த அச்சை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். காந்தம் வைத்துப் பார்ப்பதும் இங்கே பயன்படாது, ஏனென்றால் 201-ம் 304 போலவே காந்தத்தில் ஒட்டாத வகை. அழுத்தி இழுத்த இடங்களில் நல்ல 304 கூடக் கொஞ்சம் ஒட்டும், அதைப் பார்த்து நல்ல சரக்கைத் திருப்பி அனுப்பியவர்களும் உண்டு. மாங்கனீசைக் காட்டும் சோதனைத் துளி விற்கிறது, பேட்டரியோடு ஒரு சொட்டு வைத்தால் 201 என்றால் சிவப்பாக மாறும். ஆரம்ப வடிகட்டலுக்கு அது போதும். உறுதியாக வேண்டுமென்றால் ஒரு பாட்டிலை அறுத்து, தகட்டில் எந்த உலோகம் எவ்வளவு என்று காட்டுகிற ஸ்பெக்ட்ரோ சோதனைக்குக் கொடுங்கள். கோவையில் பவுண்டரிகள் இருப்பதால் அதற்கான லேப்களும் நிறைய இருக்கின்றன, 350 பாட்டில் வாங்குகிற செலவோடு ஒப்பிட்டால் அந்தக் கட்டணம் பெரிதல்ல. அப்புறம் ஐஎஸ்ஐ முத்திரை. ஸ்டீல் வெற்றிட பிளாஸ்க்குக்கு ஐஎஸ் 17526, உலோகத் தண்ணீர் பாட்டிலுக்கு ஐஎஸ் 17803 என்று தரநிலைகள் இருக்கின்றன, 2023-ல் ஒன்றிய அரசு இவற்றுக்குத் தரக் கட்டுப்பாட்டு ஆணை கொண்டுவந்தது. முத்திரைக்குக் கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்கும், அதை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் எந்தக் கம்பெனியின் உரிமம், எந்தப் பொருளுக்கு என்று வந்துவிடும். இரண்டு நிமிட வேலை. வாங்குகிறவர்களில் இதைச் செய்கிறவர்களை நான் மிகக் குறைவாகவே பார்த்திருக்கிறேன்.

சாம்பிள் ஒன்று, சரக்கு ஒன்று என்பது இந்தத் தொழிலின் பழைய வியாதி. பல வருடத்துக்கு முன்னால் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு நூற்பாலைக்கு 600 பாட்டில் கொடுத்தேன். வெளியூர் சப்ளையர் ஒருவர் அனுப்பிய சாம்பிள் அருமையாக இருந்தது, துளி வைத்துப் பார்த்தும் சரியாக வந்தது. சரக்கு வந்தபோது அவசரம், பெட்டியைத் திறந்து நாலு பாட்டிலைக் கண்ணால் பார்த்துவிட்டு நேராகப் பெயர் போட ஏற்றிவிட்டேன். இரண்டு மாதத்தில் மில்லிலிருந்து போன், அடியில் வெல்டு ஓரமாகப் பழுப்புப் புள்ளி. அன்றைக்குத்தான் மீதியிருந்த பாட்டிலையும் சாம்பிளையும் தராசில் வைத்தேன். சாம்பிள் 240 கிராம், சரக்கு 190. 600-ஐயும் திருப்பி எடுத்து வேறு கொடுத்தேன், அந்த வருட லாபம் முழுக்க அதில் போனது. அன்றிலிருந்து சமையல் தராசு ஒன்று என் மேசையிலேயே இருக்கிறது. நீங்களும் சாம்பிளை மூடியோடும் மூடியில்லாமலும் எடை போட்டு, அந்த எடையை ஆர்டரிலேயே எழுதுங்கள். சரக்கு வந்ததும் பெட்டிக்கு ஐந்து பாட்டில் எடை போடுங்கள். அதே தராசில் பாட்டில் நிறையத் தண்ணீர் ஊற்றி அளவையும் பாருங்கள், ஒரு மில்லி தண்ணீர் ஒரு கிராம். 1 லிட்டர் என்று சொன்னது 900-ல் நிற்பது சாதாரணமாக நடக்கிறது.

இன்னும் இரண்டு சோதனை, இரண்டுக்கும் காசு செலவில்லை. தண்ணீர் நிரப்பி, மூடி, பேப்பர் மேல் தலைகீழாக ஒரு ராத்திரி நிறுத்துங்கள், காலையில் பேப்பர் நனைந்திருக்கக் கூடாது. பிளாஸ்க் என்றால் கொதிக்கும் தண்ணீர் ஊற்றி மூடி, ஐந்து நிமிடம் கழித்து வெளிச்சுவரைத் தடவிப் பாருங்கள். கழுத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் சூடு இருக்கலாம், உடம்பு சுட்டால் வெற்றிடம் போய்விட்டது. சப்ளையர் கோபித்துக்கொள்வாரே என்று தயங்க வேண்டாம், நல்ல சரக்கு வைத்திருப்பவர் தானே சோதித்துக் காட்டுவார்.

சரி, பிரிண்டா லேசரா? உங்கள் வேலைக்கு லேசர். பவுடர் கோட்டிங் போட்ட பாட்டிலில் லேசர் அந்த வண்ணப்பூச்சை மட்டும் எரித்து எடுத்துவிடும், கீழே இருக்கிற ஸ்டீல் வெள்ளியாகத் தெரியும். உரிவதற்கு அங்கே ஒன்றுமில்லை, எத்தனை வருடம் விளக்கினாலும் இருக்கும். ஆளுக்கு ஒரு பெயர் போடுவதற்கும் அதுதான் சுலபம், எக்செல் பட்டியல் கொடுத்தால் மெஷின் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போகும். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் பெயருக்குப் பெயர் அச்சு ஸ்கிரீனை மாற்ற வேண்டும், அது நடக்கிற காரியமில்லை. லேசரின் குறை, வண்ணம் கிடையாது. லோகோவில் சிவப்பும் பச்சையும் கட்டாயம் வேண்டும் என்றால் யுவி பிரிண்டிங் (புற ஊதா ஒளியில் மையை உலர்த்துகிற அச்சு) போகலாம், நன்றாக வரும், ஆனால் ஸ்டீலில் அடிப்பூச்சு சரியாக இல்லையென்றால் ஓரத்திலிருந்து பொருக்காக எழும்பும். எதுவானாலும் சாம்பிளை உங்கள் வீட்டு ஏனம் கழுவுகிற இடத்துக்குக் கொண்டுபோய், பச்சை நாரும் பவுடரும் போட்டு 50 தேய்ப்புத் தேய்க்கச் சொல்லுங்கள். அப்புறம் செலோ டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள், சானிடைசர் நனைத்த துணியால் துடையுங்கள். மூன்றிலும் நின்றால் நிற்கும்.

பெயர்ப் பட்டியலில் ஒரு முழு நாள் உட்காருங்கள், அதில் கஞ்சத்தனம் வேண்டாம். பிஎஃப் பதிவில் இருக்கிற பெயரை அப்படியே எடுக்காதீர்கள், அங்கே ஸ்பெல்லிங் பாதி தப்பாக இருக்கும். லைன் சூப்பர்வைசரிடம் தாள் கொடுத்து, அவரவரையே தம் பெயரை எப்படிப் போட வேண்டும் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். ஒடிசா, பீகார், ஜார்கண்டிலிருந்து வந்து ஹாஸ்டலில் இருக்கிறவர்கள் ஆங்கிலத்தில் வேண்டுமா தங்கள் எழுத்தில் வேண்டுமா என்று அவர்களே சொல்லட்டும், லேசருக்கு எல்லா எழுத்தும் ஒன்றுதான். தமிழில் போடும்போது மட்டும் கவனம். பல டிசைன் கடைகளில் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருவில்தான் வேலை செய்கிறார்கள், நீங்கள் யூனிகோடில் அனுப்பிய ‘கோமதி’யும் ‘சௌந்தர்யா’வும் அங்கே கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கமாகச் சிதறும். எல்லாப் பெயரையும் படமாக வாங்கி, தாளில் அச்செடுத்து, அந்தந்த ஆளிடம் காட்டி டிக் வாங்குங்கள். இனிஷியல் மாறிப்போன பாட்டிலை ஒருவர் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வார், ஆனால் கொண்டுவர மாட்டார்.

மூடியும் வாயும் பற்றி, ஏனென்றால் பாட்டில் சாவது பெரும்பாலும் மூடியால்தான். வாய் அகலமாக, கை நுழையாவிட்டாலும் பிரஷ் தாராளமாக நுழைகிற அளவுக்கு இருக்கட்டும். உறிஞ்சு குழாய், பட்டன் அமுக்கித் திறக்கிற மூடி, உள்ளே ஸ்பிரிங் எல்லாம் வேண்டாம், அழுக்கு சேர்கிற இடம் அதிகம், உடைந்தால் மாற்று கிடைக்காது. திருகு மூடிதான் நல்லது. கொடுக்கும்போது ஒரு துண்டுச் சீட்டில் இரண்டு விஷயம் எழுதி வையுங்கள்: உள்ளே வெள்ளையாகப் படிவது துரு அல்ல, போர் தண்ணீர் உப்பு, வெந்நீரில் எலுமிச்சைச் சாறு ஊற்றி ஊறவைத்தால் போய்விடும், பால் கலந்த டீயை மணிக்கணக்காக அதில் வைக்க வேண்டாம். பிளாஸ்க் கொடுப்பதாக இருந்தால் இரண்டாவது ரொம்ப முக்கியம். டீக்கடையில் வாங்கி வந்த டீ மெதுவாக ஆறி வெதுவெதுப்பாக நிற்கிற சூடுதான் கிருமிக்குப் பிடித்த சூடு, ரப்பர் வளையத்தில் பால் வாடையும் ஏறிவிடும்.

விற்பவர்கள் சொல்வதில் எதை நம்பலாம் என்றும் சொல்லிவிடுகிறேன். ‘24 மணி நேரம் சூடு’ என்பது அளவைப் பொறுத்தது, பெரிய பிளாஸ்க்கை முழுக்க நிரப்பித் திறக்காமல் வைத்தால் வருகிற கணக்கு. அரை லிட்டரில் பாதி ஊற்றி நடுநடுவே திறந்தால் வராது. மூடியில் வெப்பநிலை காட்டுகிற டிஸ்பிளே இருக்கிற பாட்டில்களை இப்போது எல்லோரும் கேட்கிறார்கள், நான் தவிர்க்கச் சொல்வேன். உள்ளே இருப்பது சின்ன பேட்டரி, பல மாடல்களில் மாற்றவே முடியாது, நின்றுபோன டிஸ்பிளேயோடு உங்கள் லோகோவும் அங்கேயே இருக்கும். செம்புப் பாட்டில் பற்றி இரண்டு பக்கமும் மிகைப்படுத்துகிறார்கள். செம்பின் மேல் கிருமி தங்காது என்பது சோதனைகளில் நிரூபணமானது. ஆனால் அது போர் தண்ணீரின் உப்பை எடுக்காது. மோர், எலுமிச்சை, டீ எதையும் அதில் ஊற்றக் கூடாது, புளிப்பு செம்பைக் கரைக்கும். புளி போட்டு விளக்கித்தான் பளபளப்பு வரும், விளக்க விளக்க மேலே போட்ட பிரிண்ட் போகும். வீட்டில் செம்பு ஏனம் புழங்கிப் பழகிய, உங்களிடம் சரக்கு வாங்குகிற ஒரு பையருக்கோ டீலருக்கோ கொடுக்கலாம், லைனுக்கு வேண்டாம். பீங்கான் மக் ஆபீஸில் உட்கார்ந்து வேலை செய்கிற 20 பேருக்கு நன்றாக இருக்கும், அதற்கு மேல் உடைசல் கணக்குதான் மிஞ்சும்.

கண்காட்சிக்கு 1000 பீஸ் என்பதை மாற்றிக்கொள்ளச் சொல்கிறேன். அந்த விலைக்கு வருவது மெல்லிய பிளாஸ்டிக் சிப்பர் பாட்டில். அந்த வகைப் பிளாஸ்டிக்கில் மை இயல்பாக ஒட்டாது, பிரிண்ட் போடுவதற்கு முன் தீயால் மேற்பரப்பைப் பதப்படுத்த வேண்டும், மலிவு வேலையில் அதைச் செய்ய மாட்டார்கள். வெந்நீர் ஊற்றினால் வாடை வரும். வாங்கியவர் கார் பார்க்கிங் தாண்டுவதற்குள் அது அவர் கையில் இருக்காது. லோகோ போட்ட பேப்பர் கப்பில் காபி கொடுக்கலாமே என்று யாராவது சொன்னால், பிளாஸ்டிக் பூச்சுப் பூசிய பேப்பர் கப் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடையில் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். அந்தக் காசில் நான் செய்வது இது. வருகிற எல்லோருக்கும் ஸ்டாலில் குளிர்ந்த மோரோ பானகமோ எவர்சில்வர் டம்ளரில், பெரிய டிரேயில் வைத்து; டம்ளர் கழுவ ஒரு ஆள். உட்கார்ந்து பத்து நிமிடம் பேசி, விலை கேட்டு, கார்டு கொடுத்துப் போகிற 50, 60 பேர் இருப்பார்கள், அவர்களுக்குக் கண்காட்சி முடிந்த அடுத்த வாரம் அவர்கள் பெயரை லேசரில் போட்ட நல்ல வெற்றிட பிளாஸ்க் ஒன்றைக் கூரியரில் அனுப்புங்கள். செலவு ஏறக்குறைய அதேதான் ஆகும். கூடவே “அன்றைக்கு இதைப் பற்றிப் பேசினோம்” என்று இரண்டு வரி கையால் எழுதி வையுங்கள். வெளிநாட்டுப் பையர் ஆபீஸ் என்றால் அனுப்புவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள், பரிசு வாங்கக் கூடாது என்று விதி வைத்திருக்கிற கம்பெனிகள் நிறைய.

வரி விஷயம் சுருக்கமாக. பரிசாகக் கொடுக்கிற பொருளுக்கு வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியை, அதாவது உள்ளீட்டு வரியை, திருப்பி எடுக்க முடியாது, ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5)(எச்) பிரிவு அதைத் தடுக்கிறது. அதனால்தான் மேலே 300-க்குள் ஜிஎஸ்டியையும் சேர்த்துக் கணக்குப் போட்டேன். ஒரு தொழிலாளிக்கு ஒரு நிதியாண்டில் 50,000 ரூபாய் வரை கொடுக்கும் பரிசு ஜிஎஸ்டியில் சப்ளையாக, அதாவது வரி போடுகிற விற்பனையாக, கணக்கில் வராது என்பதும் உண்டு. உங்கள் பில் எப்படிப் பதிவாக வேண்டும் என்பதை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், என் எல்லை அதுவரைதான்.

நாள் கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் பாட்டில் உங்கள் ஆபீஸில் இருக்க வேண்டும். பெயர் போட ஒரு வாரம், அதற்கு முன் சரக்கு வரவும் எடை போடவும் ஒரு வாரம், சாம்பிளை நீங்கள் வீட்டில் புழங்கிப் பார்க்க இரண்டு வாரம், பட்டியல் திருத்த ஒரு வாரம். ஆக ஐந்து வாரம். கடைசி இரண்டு வாரத்தில் வந்தீர்களென்றால் கோவையில் எந்தப் பட்டறையும் இருக்கிற சரக்கைத்தான் தலையில் கட்டும், தீபாவளி ஆர்டரும் அதே நேரம் குவியும்.

ஆர்டர் போடும்போது 350 என்று போடாமல் 375 என்று போடுங்கள். 25 பாட்டில் பெயரில்லாமல் இருக்கட்டும், பூஜைக்கு அப்புறம் வேலைக்குச் சேருகிறவர்களுக்கு அப்போது பெயர் போட்டுக்கொள்ளலாம். மூடிக்குள் இருக்கிற ரப்பர் வளையம் தனியாக 100 வாங்கி, உங்கள் ஸ்டோரில் ஊசி வைத்திருக்கிற டப்பா பக்கத்தில் வைத்துவிட்டு, ஒழுகினால் அங்கே வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லிவிடுங்கள்.